வெயில் ஊரில் ஒரு டிராப்பிக்கல் பிறந்தநாள்

டிராப்பிக்கல் பர்த்டே என்று போனில் தேடிப் பாருங்கள், எந்தக் கடைக்குள் போனாலும் ஒரே செட்தான் வரும். பிளாஸ்டிக் தென்னங்கீற்று, துணியில் செய்த செம்பருத்தி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த மான்ஸ்டெரா இலை, பிரித்தால் விரிகிற காகித அன்னாசி, ஒற்றைக் காலில் நிற்கும் ரோஸ் கலர் ஃபிளமிங்கோ. காரைக்குடியில் ஒரு டெக்கரேஷன்காரரிடம் கேட்டதற்கு, இதையெல்லாம் கொண்டுவந்து வளவில், அதாவது வீட்டு உள்முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள இடத்தில், மாட்டிவிட்டு ராத்திரியே கழற்றிக்கொண்டு போக 18,000 ரூபாய் என்றார். ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் அவர் பக்கம் அது நியாயமாகவே இருக்கலாம். பின்கட்டில் வாழை தாரோடு நிற்கும்போது பிளாஸ்டிக் வாழை இலைக்கு வாடகை கொடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான். வடக்கே கடக ரேகை 23½ டிகிரி, தெற்கே மகர ரேகை 23½ டிகிரி, நடுவில் இருப்பது வெப்பமண்டலம். காரைக்குடி கிட்டத்தட்ட 10 டிகிரியில் இருக்கிறது. அப்படியென்றால் நாம் தினமும் வடகம் காயப்போடுவதே டிராப்பிக்கலுக்குள்தான். என்ன, கடையில் விற்கும் டிராப்பிக்கல் ஏதோ ஒரு தீவின் கடற்கரை, நம்முடையது செம்மண், ஊருணி, பனை. அடர்ந்த மழைக்காடும் வெப்பமண்டலம், நம் ஊர்ப் பொட்டலும் வெப்பமண்டலம். தீமுக்கு நம் ஊரையே எடுத்துக்கொள்வோம், மகள் அடம்பிடித்த ஒரே ஒரு ஃபிளமிங்கோவை மட்டும் வெளியூர் விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்ததும் வாங்க வேண்டிய பட்டியல் பாதியாகிவிட்டது. அவளுக்கு நாலு வயசு. நாலு வயசுக்கு மொத்தத்தில் வேண்டியது தண்ணீர், இனிப்பு, ஓட இடம், அப்புறம் தன் பெயரைச் சொல்லி எல்லோரும் கைதட்டுவது.

இடம் எங்கள் வீட்டு வளவுதான். செட்டிநாட்டு வீட்டில் விசேஷம் வைப்பவர்களுக்குத் தெரியும், இங்கே அலங்காரம் என்பது வேறு கணக்கு. தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் செல்லோடேப் ஒட்டக் கூடாது, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த பூச்சு, டேப்பைப் பிய்க்கும்போது பட்டையாகக் கூடவே வந்துவிடும், அதைத் திரும்பப் பூச இன்றைக்கு ஆள் தேடுவது பெரும்பாடு. கலர் கிரேப் காகிதம் தரையில் கிடந்து அதன் மேல் தண்ணீர் பட்டால் சாயம் ஆத்தங்குடிக் கல்லில் இறங்கிவிடும். போதாக்குறைக்கு வீடு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, பங்காளிகளுக்கும் பொது, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, சொல்லாமல் விட்டால்தான் வினை.

அதனால் ஒட்டுவதே கிடையாது, கட்டுவது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம். பட்டியக்கல் முற்றத்தைச் சுற்றி இருக்கிற தூண்களுக்கு நடுவே சணல் கயிறு இழுத்து, அதில் வாழை இலை, மாவிலைக் கொத்து, பழைய எனாமல் தட்டுகள். இந்தத் தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் வாங்கிவந்த எனாமல் சாமான்கள் எங்கள் பக்கம் பல வீட்டுப் பரணில் இன்றும் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பதில் சிலவற்றில் கிளி, சிலவற்றில் பெரிய பெரிய சிவப்புப் பூ, ஓரத்தில் நீலக் கோடு, விளிம்பில் அங்கங்கே எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். இதைவிட டிராப்பிக்கலான ஒரு பொருளை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. பெயர்ந்த தட்டில் சாப்பாடு போடவில்லை, தொங்கவிட மட்டும்தான்.

வாழை இலை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சித்திரை வெயிலில் வெட்டிய இலை இரண்டு மணி நேரத்தில் ஓரம் சுருளும். காலையிலேயே வெட்டி, ஈரத் துணியில் சுற்றி உள்அறையில் நிழலில் வைத்து, நாலு மணிக்குக் கட்டினால் ஏழு மணி வரை தாங்கும். முழு வாழைமரம் வாசலில் கட்டுகிற எண்ணம் எனக்கு இருந்தது, ஆனால் தெருவே யாருக்குக் கல்யாணம் என்று கேட்கும் என்று வீட்டில் சிரித்தார்கள், ஆகவே மரத்தை வளவுக்குள் கேக் மேசைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினோம், பூவும் பிஞ்சுமாக. விசேஷம் முடிந்ததும் தண்டு பொரியலுக்கு, பூ வடைக்கு, மட்டை பக்கத்து வீட்டு மாட்டுக்கு.

தென்னங்கீற்றில்தான் பஞ்சாயத்து வந்தது. போட்டோ எடுக்கப் பின்னால் ஒரு பச்சைத் தடுப்பு வேண்டும், பச்சைக் கீற்றை முடைந்து நிறுத்தினால் குடிசை மாதிரி அழகாக இருக்கும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அப்பத்தா, அதாவது மகளின் அப்பத்தா, "பச்சை மட்டைய முடைஞ்சு நடு வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுத்தா, அது எதுக்கு முடையிறதுன்னு உனக்குத் தெரியாதா" என்றார்கள். பாடைக்கு முடைவது. இணையத்தில் எந்த டெக்கரேஷன் வீடியோவும் இதைச் சொல்லாது. குருத்தோலைத் தோரணத்திலும் இப்படித்தான், நல்ல காரியத்துக்கு மடிப்பது ஒரு விதம், துக்கத்துக்கு மடிப்பது ஒரு விதம், தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு, குழந்தைக்குப் பிறந்தநாள் அன்றைக்கு ஒரு பெரியவர் மனசில் முள் குத்த வேண்டுமா என்ன. பின்புறத் தடுப்புக்குப் பழைய கண்டாங்கிச் சேலை இரண்டைத் தொங்கவிட்டோம், மஞ்சளும் அரக்குமாகக் கட்டம் போட்டது, பச்சை இலைக்குப் பின்னால் அது எடுத்துக் கொடுத்த மாதிரி எந்த ஃபிளக்ஸும் கொடுத்திருக்காது.

தென்னைக்குப் பதில் பனை வந்தது. பனை ஓலைக் கொட்டான், அதாவது ஓலையில் பின்னிய சின்னக் கூடை, எங்கள் ஊர்ச் சமாச்சாரம், முன்பெல்லாம் கல்யாணத்துக்கு வீட்டு ஆச்சிமார்களே கலர் ஓலையில் பின்னி அடுக்குவார்கள், நடுவில் கிட்டத்தட்ட மறைந்துபோய் இப்போது மறுபடி பெண்கள் குழுவாகப் பின்னி விற்கிறார்கள். வந்த பிள்ளைகளுக்குத் திரும்பக் கொடுக்க உள்ளங்கை அகலக் கொட்டான்தான் சொன்னேன், பச்சையும் ரோஸுமாக. அதற்குள் இரண்டு மாவுருண்டை, ஒரு பிடி தேன்குழல், ஓலையில் செய்த ஒரு காத்தாடி. காத்தாடிக்கு முள் குத்துவது வழக்கம், சின்னப் பிள்ளைகள் என்பதால் முள்ளுக்குப் பதில் ஈர்க்குச்சியைத் தேய்த்துப் போடச் சொன்னோம். கொட்டான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். ஓலையைக் காய வைத்து, கிழித்து, சாயம் போட்டு, பிறகுதான் பின்ன உட்காருவார்கள், கடைசி வாரம் போய் நின்றால் ஆகாது.

ஃபிளமிங்கோவுக்கு வருகிறேன். டிவி வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. அதில் மகளின் உயரத்துக்கு ஒரு பறவை வரைந்து வெட்டி ரோஸ் பெயிண்ட் அடித்தோம், கால் மட்டும் மூங்கில் குச்சி. பறவை முழுக்க வெளிநாட்டுச் சரக்கு என்றும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் பூநாரை வருகிறது, அதுதான் இது. நிறம் மட்டும் பிளாஸ்டிக்கில் இருக்கிற அளவுக்குக் கொழுந்துவிட்டு எரியாது, வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடியிருக்கும். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம், சாப்பிடுகிற பாசியிலும் சின்ன இறால் வகையிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. கேரட்டில் இருப்பதும் அதே குடும்பத்து நிறமிதான் என்று மகளிடம் சொல்லிவைத்ததில் ஒரு வாரம் கேரட் தகராறு இல்லாமல் உள்ளே போனது. அப்புறம் தினமும் கண்ணாடியில் கையைப் பார்க்க ஆரம்பித்தாள், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பறவை என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. பார்ட்டி பாப்பர் வேண்டும் என்று கேட்ட பெரிய பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்லித்தான் சமாளித்தேன், சொன்னதும் அடங்கிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த டிசம்பரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அடங்கினார்கள்.

நாலு வயசுப் பிள்ளைகள் கூடுகிற இடத்தில் பெரியவர்கள் கண்டிப்பு காட்ட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. அலங்காரத்துக்கு அரளி வேண்டவே வேண்டாம், எவ்வளவு அழகான ரோஸாக இருந்தாலும் சரி, பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், இந்த வயசில் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். செம்பருத்தியும் சாமந்தியும் போதும். மான்ஸ்டெரா தொட்டியில் வளர்ப்பவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரி வைக்காதீர்கள், சேம்பு இனம் அது, கடித்தால் வாயும் தொண்டையும் அரித்து வீங்கும். ஓட்டை இலை வேண்டும் என்றால் பச்சை சார்ட் காகிதத்தில் வெட்டிக்கொள்ளலாம். பலூன் வெடித்தால் அந்தத் துண்டை உடனே பொறுக்க ஒரு ஆளை நியமிக்க வேண்டும், மூச்சுக்குழலில் போய் அடைக்கிற பொருட்களில் அது மிக மோசமானது. திருவிழாவில் விற்கிற கேஸ் பலூனில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரஜன், அதை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் கொண்டுவருவதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. கேக் வெட்டும்போது முகத்தில் அடிக்கிற ஸ்னோ ஸ்பிரேயும் தீப்பற்றக்கூடியதுதான், அதை நான் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டேன்.

சாமான் வாங்கும்போது சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கப், தட்டு, உறிஞ்சுகுழல் எல்லாம் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில் பலூன் மாட்டுகிற பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத்துக்கான தெர்மோகோலும் சேர்ந்தன. கடையில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது என்பது வேறு கதை. எங்களுக்கு வாழை இலை, தொன்னை, பாக்குமட்டைத் தட்டு, வீட்டு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் உடையாது, கழுவ ஆள் மட்டும் வேண்டும்.

சாப்பாட்டில்தான் நான் ரொம்ப நேரம் செலவழித்தேன். பழ மேசை ஒன்று, அதில் மாம்பழம், பலாச்சுளை, பப்பாளி, கொய்யா, அன்னாசி, தர்பூசணி. பலா புதுக்கோட்டை பக்கம் கீரமங்கலத்திலிருந்து வந்தது, சித்திரை முதல் வாரம் என்பதால் அவ்வளவாக இனிப்பு ஏறியிருக்கவில்லை. இந்த மேசையில் பாதி வெளிநாடு என்று வீட்டுப் பெரியவரான ஐயா பெரிய பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார், அன்னாசியும் பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை, மாவும் பலாவும்தான் நம் பக்கத்துச் சொத்து என்று. பலாச்சுளையைக் கொட்டை எடுத்துக் கீறி வைத்தோம், தர்பூசணியிலும் விதை நீக்கி, எல்லாம் விரல் நீளத் துண்டு. திராட்சை வைத்தால் நீளவாக்கில் வெட்டி வைக்க வேண்டும், முழுசாக வேண்டாம்.

கலர் கலராக ஜெல்லி வைக்காமல் டிராப்பிக்கல் பார்ட்டி ஏது. ஆனால் வேகவைக்காத அன்னாசியைப் போட்டு ஜெலட்டின் ஜெல்லி செய்தால் அது உறையவே உறையாது, அன்னாசியில் இருக்கிற புரோமலைன் என்கிற நொதி ஜெலட்டின் புரதத்தை அறுத்துவிடும். அப்படியே உறைந்தாலும் நம் ஊர் ஏப்ரலில் மேசைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர்தான். கடல்பாசி, அதாவது அகர் அகர், இரண்டுக்கும் அசராது. அது புரதம் இல்லை, அதனால் நொதிக்கு அங்கே வேலை இல்லை, உறைந்த பிறகு 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் திரும்ப இளகும். நோன்புக் காலத்தில் பாய் வீடுகளிலிருந்து வருமே, அதேதான். லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கு. ஊறவைத்த பாசியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு ஒரு இழைகூடத் தெரியாமல் கரைந்ததும் இறக்கி, சர்க்கரை போட்டு, இளநீரைச் சேர்க்க வேண்டும். இளநீரைக் கொதிக்கவிட்டால் அந்த வாசனை போய்விடும், பிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினாலோ ஊற்றிய இடத்தில் கட்டி கட்டியாக உறைந்து நிற்கும், ஆகவே வெளியில் வைத்துக் குளிர்ச்சி விட்ட இளநீர். உள்ளே அன்னாசித் துண்டு, வழுக்கை, இரண்டு செம்பருத்தியை வெந்நீரில் போட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் வருகிற சிவப்பு. பாட்டில் கலர் ஒரு சொட்டு இல்லை. தட்டில் கொட்டியதும் கண்ணாடியாக நின்றது, பிள்ளைகள் முதலில் தின்னவில்லை, விரலால் தட்டித் தட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம், பிள்ளைகளுக்குச் சர்க்கரையும் தேங்காய்ப் பாலும், பெரியவர்களுக்கு மிளகாய்த் துவையல். கந்தரப்பம் சூடாகச் சுட்டுப் போட ஆள் வைத்தோம். கவுனி அரிசி அப்பத்தாவின் பொறுப்பு. பர்மாவிலிருந்து நம் அடுப்படிக்கு வந்த அரிசி, முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து நிதானமாக வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறினால் கருநீலமாக மினுங்கும். இந்த நிறத்தை எந்த டிராப்பிக்கல் பார்ட்டியிலும் பார்க்க முடியாது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளிடம் மட்டும் ஜாக்கிரதை. கேக் சின்னதாக ஒரு பைனாப்பிள் கேக், பேக்கரியில் சொல்லி, வெட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் எடுத்துவந்தோம், கிரீம் இந்த வெயிலுக்கு நிற்காது. மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது எங்கள் வீட்டில் பிடிக்காது, குத்துவிளக்கை ஏற்றிவைத்துவிட்டு கேக் வெட்டினாள், மகளுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை, விளக்குத் திரியைத் தூண்டிவிட விட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

துணி விஷயம் இரண்டே வரி. கடையில் விற்கிற பாலியஸ்டர் ஹவாய் சட்டையும் புல் பாவாடையும் இந்த ஊர் ஏப்ரலுக்கு அடுக்காது, அரைமணியில் சொறிய ஆரம்பிப்பார்கள். மகளுக்குக் கண்டாங்கி காட்டன் துணியில் ஒரு கவுன், காதோரம் ஒரு செம்பருத்தி.

விளையாட்டுக்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை. டிரினிடாட் தீவின் லிம்போ ஆட்டத்துக்கு எங்கள் வீட்டு ஒட்டடைக்கம்பு கைகொடுத்தது, இரண்டு சித்தப்பாக்கள் பிடித்துக்கொள்ள, முதுகை வளைத்துப் போக வேண்டிய ஆட்டத்தில் நாலு வயசுகள் நிமிர்ந்தபடியே நடந்து போய்விட்டன, கம்பை இறக்க இறக்க வளைந்து மாட்டிக்கொண்டது அப்பாமார்கள்தான். அன்று நான் எல்லோரையும்விட ஆசையாகக் காத்திருந்தது மதியத்துக்கு. வெப்பமண்டலத்தில் மட்டும்தான் சூரியன் நேர் உச்சிக்கு வரும், வருஷத்தில் இரண்டு தடவை. காரைக்குடிக்கு அது ஏப்ரல் 16, 17 வாக்கில், மறுபடி ஆகஸ்ட் கடைசியில். பிறந்தநாள் அதை ஒட்டி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். நம் ஊர் தீர்க்கரேகைக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட 12.15க்கு. முற்றத்தின் நடுவில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம், கல் சுட்டதால் ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் வீட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். டம்ளரின் நிழல் மெல்ல மெல்ல ஒடுங்கி, ஒரு நேரத்தில் அடியோடு காணாமல் போனது. தன் நிழலைக் காணோம் என்று சுற்றிச் சுற்றித் தேடிய மகள், குனிந்தால் காலடியில் ஒரு வட்டமாகத் தெரிவதைக் கண்டுபிடித்து, குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து, கடைசியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மேகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் வெயிலில் நிறுத்தவும் வேண்டாம்.

நேரம் ஐந்து மணி முதல் ஏழு வரை, அவ்வளவுதான். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் போனால் அழுகைதான். அப்புறம் ஒரே ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள், நுங்குக்காரர். மொத்தமாக வெட்டி வாங்கிக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குலையோடு வரச் சொல்லி, அவருக்கு ஒரு சாயங்கால வருமானத்தைப் பேசிக் கொடுத்து, முகப்பில் உட்காரவைத்துவிடுங்கள். அரிவாள் பக்கம் பிள்ளைகள் போகாமல் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அவர் சீவச் சீவ, கட்டைவிரலை விட்டு நோண்டத் தெரியாமல் தண்ணீரை மூஞ்சியில் பீச்சிக்கொண்டு தின்கிற கூட்டம் அங்கேயேதான் நிற்கும். காலிக் கூடுகளை எறிந்துவிடாமல் இரண்டு இரண்டாகக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு ஒன்று கொடுத்தால் நுங்கு வண்டி. கவட்டைக் கம்பு தலைக்கு ஒன்று முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுங்கள், ஒன்று குறைந்தாலும் சண்டை வரும்.